மேகமும் புதரும்

1985-ஆம் ஆண்டில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்னும் வீடியோ விளையாட்டில், ஆகாயத்தில் மிதக்கும் வெண்மேகத்தையும் தரையோரத்துப் பச்சைப் புதரையும் உற்று நோக்குகிறவர்களுக்கு, மேகத்தின் மேற்பாதியே நிறம் மாறிப் புதராக நிற்பது புலப்படும். சித்திரங்கள் அனைத்தையும் 8 கிலோபைட் அளவே உள்ள சில்லில் அடக்க வேண்டியிருந்தமையால், எட்டுப் புள்ளி அகலமும் எட்டுப் புள்ளி உயரமும் உள்ள சிறு கட்டங்களாக உருவங்களைப் பகுத்து வைத்து, திரையின் இன்ன இடத்தில் இன்ன எண்ணுள்ள கட்டம் இன்ன வர்ணத்தில் தோன்றுக என்று மட்டும் குறித்துக்கொண்டார்கள்.

சிக்கனத்தில் பிறந்த இந்த உபாயம், பாரதத்துத் தார்க்கிகர்கள் நெடுங்காலம் வாதிட்ட ஒரு வினாவைத் தொடுகிறது. பசுக்கள் பலவானாலும் பசுத்துவம் என்ற ஒரே சாமான்யம் அவை அனைத்திலும் மெய்யாகவே உறைகிறது என்று நியாய வைசேஷிகர் சாதித்தனர். தனி வஸ்துவே மெய், பொதுமை மனத்தின் கற்பனை என்று திங்நாகர் வழிவந்த பௌத்தர் மறுத்தனர். அந்த விளையாட்டின் நாயகனான மாரியோவின் உலகில் மேகம் என்ற சாமான்யம் சில்லில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்தே காட்டலாம். திரையில் காணும் மேகங்களோ அதைச் சுட்டும் எண்களேயன்றி வேறல்ல. பௌத்தருக்கு அங்கே இடமில்லை.

ஆயினும் வைசேஷிகருக்கும் அங்கே முழு வெற்றி இல்லை. குணத்தால் சிறிதும் வேறுபடாத இரு பரமாணுக்களை இரண்டென்று பிரித்தறிவது எவ்வாறு என்ற கேள்விக்கு, ஒவ்வொன்றிலும் விசேஷம் என்ற தனித்துவம் உறைகிறது என்பது அவர்கள் விடை. விளையாட்டின் இரு மேகங்களுக்கு அது கிடையாது. இருக்கும் இடம் ஒன்றே அவற்றின் வேற்றுமை. திரை நகர்ந்ததும் அவ்விடத்தில் வேறோர் எண் எழுதப்படுகிறது. மாரியோ திரும்பி நடந்து பழைய மேகத்தைக் காண வழியுமில்லை.

இதைக் கண்டு, பிரபஞ்சமும் ஈசுவரன் ஒரு சில அச்சுகளைக் கொண்டு இட்ட பிரதிகளே என்று சொல்லத் துணிவது எனக்கு உடன்பாடன்று. இரட்டைக் குழந்தைகளில் ஒன்றை இழந்த தாய்க்கு, உருவத்தால் மாறுபடாத மற்றொன்று மடியில் இருப்பதால் அந்தத் துயரம் நீங்குவதில்லை. அவள் அழுவது சாமான்யத்துக்காக அன்று. முக்தியடைந்து குணங்களெல்லாம் நீங்கிய ஆன்மாக்களுக்கும் விசேஷம் உண்டென்றும், யோகிகள் அதைப் பிரத்தியட்சமாகக் காண்பர் என்றும் வைசேஷிக ஆசிரியரான பிரசஸ்தபாதர் எழுதினார். யோகியின் கண்ணுக்கென்று அவர் சொன்னதை அந்தத் தாயும் காண்கிறாள் என்றே நான் கருதுகிறேன்.