விளக்கமும் கடனும்

ஒருவன் விளங்கக் கண்டவிடத்து அவனை மாத்திரம் புகழ்தல் முறையாகுமா? வானியலார் கண்டதொன்றைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

கடகராசியிலுள்ள எம் 67 என்னும் கூட்டத்து விண்மீன்கள் ஏறக்குறைய 400 கோடி ஆண்டு முதுமையுடையன. அவற்றுட் சில மாத்திரம் இளமீன்போல நீலவொளி வீசுகின்றன. காரணம் யாது? 2015 ஆம் ஆண்டு செப்டெம்பர் 28 இல் ஸ்ரீஹரிக்கோட்டாவினின்று ஏவப்பெற்ற அஸ்ட்ரோசாட் செய்மதி, வளிமண்டலம் பெரிதுந் தடுக்கும் ஊதாகடந்த கதிர்களில் அவற்றை நோக்கிற்று. சிலவற்றில் அக்கதிர் அளவின் மிக்கிருந்தது. புகைகொண்டு தீயை அறியுமாறுபோல, அம்மிகுதிகொண்டு மறைந்து நின்ற வெப்பமிக்க வெண்குறுமீன்களை அறிந்தனர். அவை முன்னர்ப் பெருமீனாய்ப் பருத்து, தம் பொருளைத் துணைமீனுக்கு இழந்து சிறுத்தவை. துணையின் இளமை அப்பொருளால் வந்தது.

சடப்பொருள் ஈந்ததென்றல் பொருந்துமோவெனின், பொருந்தாது. ஈகையும் நன்றியும் அறிவுடைய உயிர்க்கே உரியன. ஆதலினன்றோ நமது கடன் பெரிதாகின்றது! பரீட்சையில் முதன்மைபெற்ற மாணாக்கனைப் புகழும் நாம், அவன் கற்கும்பொருட்டுத் தன் படிப்பைவிட்டுத் தோட்டத்துக்குச் சென்ற தமையனை நினைக்கின்றோமா? காணப்படாமை இன்மையாகாது. ஆசிரியர்களே, பரிசளிப்பு நாளில் அத்தமையனையும் சபைக்கு அழைப்பீர்களாக.