செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தியவர் தொழுவது எப்படி?

 

தொழுகையில் ஓயாமல் உழைக்கும் உறுப்பு இடுப்பு மூட்டு. கியாமில் அது நிமிர்கிறது. ருகூவில் மடங்குகிறது. ஸுஜூதில் இன்னும் அதிகமாக மடங்குகிறது. அத்தஹிய்யாத்து இருப்பில் மடங்குவதோடு சுழலவும் செய்கிறது. தேய்ந்துபோன அம்மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டுப் பொருத்தும் சிகிச்சையை, 1962-ல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் டாக்டர் சீர்ப்படுத்தினார். அதன்பின் அது உலகெங்கும் பரவி, இன்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் நடக்கிறது. நடந்த பின் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இனி நெற்றியைத் தரையில் வைக்கலாமா?" என்பதே.

இதற்கு மார்க்கச் சட்டம் மட்டும் பதிலாகாது. டாக்டர் எந்த வழியாக மூட்டை அடைந்தார் என்பதையும் அறிய வேண்டும்.

பின்புறமாகத் திறந்தால், மூட்டுக்குப் பின்னுள்ள சிறு தசைகளையும் மூட்டுறையையும் அறுத்துப் பின்னர் தைக்கிறார்கள். அவை ஆறும் வரை பின்பக்கம் பலவீனமாயிருக்கும். தொடை 90 டிகிரிக்கு மேல் மடங்கி, கால் குறுக்கே சென்று உட்பக்கம் திரும்பினால், பந்து கிண்ணத்தை விட்டுப் பின்னால் நழுவக்கூடும். முன்புறமாகச் செய்தால், தசைகளை விலக்கி அவற்றின் இடைவெளி வழியே செல்கிறார்கள். அங்கே அச்சம் வேறு: கால் பின்னோக்கி நீண்டு வெளிப்பக்கம் திரும்புவதுதான் ஆபத்து. பக்கவாட்டில் திறந்தால் இடுப்பைத் தாங்கும் தசையின் ஒரு பகுதியைப் பிரிப்பதால், சிலருக்கு நடையில் சாய்வு தங்கலாம்.

முன்புற வழியில் செய்தவர் முதல் சில வாரங்களில் சற்று விரைவாக நடமாடுவதுண்டு. ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால் வழிகளுக்கிடையே வேற்றுமை குறைவே. மூட்டு எவ்வளவு மடங்கும் என்பதைக் கிண்ணம் வைத்த கோணமும், பந்தின் அளவும், நோயாளிக்கு முன்பே இருந்த இறுக்கமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஆகவே, "பக்கத்து வீட்டு அப்பா மூன்று மாதத்தில் ஸுஜூது செய்தாரே!" என்று ஒருவரை வைத்து இன்னொருவரை அளக்கக் கூடாது.

இனி சட்டத்தைப் பார்ப்போம். மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழவும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழவும் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள். நிற்க முடிந்து ஸுஜூது மட்டும் முடியாதவர், ஷாஃபிஈ மத்ஹபின்படி கியாமை நின்றே நிறைவேற்ற வேண்டும். முடிந்த அளவு ருகூவுக்குக் குனிந்து, ஸுஜூதை உட்கார்ந்து சைகையால் செய்வார். ஹனஃபீ மத்ஹபில் அவருக்குக் கியாம் கடமையாகாது. உட்கார்ந்து சைகையால் தொழுவதே மேல் என்பது பிரபலமான சொல்.

நாற்காலியில் அமர்ந்தவுடன் ஆபத்து நீங்கிவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. நாற்காலியில் அமரும்போதே மூட்டு ஏறத்தாழ 90 டிகிரியில் நிற்கிறது. தாழ்ந்த நாற்காலியில் அதையும் மிஞ்சும். அந்நிலையில் முழங்கால் வரை குனிந்தால், விலக்கச் சொன்ன எல்லையைத் தாண்டியவராவார். எனவே நாற்காலி உயரமாக இருக்கட்டும். ருகூவுக்குச் சிறிதும், ஸுஜூதுக்கு அதைவிடச் சற்று அதிகமாகவும் தலையைத் தாழ்த்தினால் போதும். ஸலாம் கொடுக்கக் கழுத்தை மட்டும் திருப்புக. ஒளூவில் பாதங்களைக் கழுவக் குனியாமல், மகனோ மகளோ தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடட்டும்.

தலையில் காயம்பட்ட ஒரு தோழருக்குக் குளிப்புக் கடமையானது. உடனிருந்தோர் சலுகை இல்லை என்று கூறிவிட, அவர் குளித்து மரணமடைந்தார். அறியாதவர்கள் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டாமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் மிகவும் கடிந்து கொண்டார்கள். "குனிந்தே ஆகவேண்டும்" என்று நோயாளியை நெருக்குபவர்கள் இதை அஞ்சட்டும். மறுபுறம், ஆறிய பின் டாக்டர் அனுமதித்து, உடலும் இடம் கொடுத்த பிறகு நாற்காலியை விடாதவரும் அஞ்சட்டும். இயன்றவருக்கு ஸுஜூது ஃபர்ளு அல்லவா!

ஆதலால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் நம் தொழுகையைச் செய்து காட்டி மூன்று கேள்விகளைக் கேட்போம்: எந்த வழியாகத் திறப்பீர்கள்? எந்த அசைவை எத்தனை வாரம் விலக்க வேண்டும்? தரையில் ஸுஜூது எப்போது? அவர் சொல்வதை ஓர் ஆலிமிடம் கூறிச் சட்டம் பெறுவோம்.

சைகையால் செய்யும் ஸுஜூதையும் ஏற்பவன் அல்லாஹ். நோயுற்றோருக்கு அவன் பூரண ஷிஃபா அளித்து, மீண்டும் நெற்றியைத் தரையில் வைக்கும் பாக்கியத்தைத் தருவானாக! ஆமீன்.