ஓர் உடல், பல உயிர்கள்

மனித உடலை ஒற்றை உயிராக எண்ணுவது சரியா என்பது தத்துவத்துக்குப் பழைய கேள்வி. அதற்கு இன்று கிடைத்துள்ள புதிய சான்றுகளில் பெரும்பங்கு மக்களின் வரிப்பணத்தில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2007இல் மனித நுண்ணுயிர்த் தொகுதித் திட்டத்தைத் தொடங்கின. நோயில்லாத 242 பேரின் வாய், மூக்கு, தோல், குடல், பெண்களின் பிறப்புறுப்பு ஆகியவற்றிலிருந்து எடுத்த மாதிரிகளின் முடிவுகள் 2012இல் வெளியாயின. ஐரோப்பிய ஆணையத்தின் நிதியில் நடந்த மெட்டாஹிட் திட்டம் 2010இல் 124 ஐரோப்பியரின் மலத்தில் 33 லட்சம் நுண்ணுயிர் மரபணுக்களைக் கண்டு பட்டியலிட்டது. மனிதருக்கே உரிய மரபணுக்களைப்போல அது ஏறக்குறைய 150 மடங்கு.

எண்ணிக்கை ஒன்றையே பிடித்துக்கொண்டு பேசியவர்கள் பலர். உடலில் மனிதச் செல் ஒன்றுக்குப் பாக்டீரியா பத்து என்ற கணக்கு நெடுங்காலம் பாடநூல்களிலும் இருந்தது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2016இல் அதைத் திருத்தினார்கள். அவர்கள் கணக்குப்படி, 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் மனிதச் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. அத்தனை பாக்டீரியாக்களின் மொத்த எடை ஏறத்தாழ 200 கிராம்தான். எண்ணிக்கை எப்படி இருந்தாலும் அதிலிருந்து தத்துவ முடிவு எதுவும் பிறக்காது. மனிதச் செல்களில் மிகப் பெரும்பாலானவை உட்கருவே இல்லாத சிவப்பணுக்கள். பெரும்பான்மைதான் அடையாளம் என்றால் மனிதன் யார் என்பதைச் சிவப்பணுக்களே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

வலுவான சான்று தாய்ப்பாலில் இருக்கிறது. லாக்டோஸ், கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடி தாய்ப்பாலில் அதிகமுள்ள திடப்பொருள் ஒலிகோசாக்கரைடு என்னும் சர்க்கரைத் தொடர்கள். இவற்றைச் செரிக்கும் நொதி குழந்தையிடம் இல்லை. அவை பெருங்குடல்வரை ஏறக்குறைய முழுதாகவே போய்ச் சேருகின்றன. அங்கே அவற்றை உண்டு வளர்வது பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் போன்ற பாக்டீரியாக்கள். அவை வெளியிடும் அமிலங்கள் குடலைப் புளிப்பாக வைத்து நோய்க்கிருமிகளைத் தடுக்கின்றன. தாயின் உடல் தன் சத்தைச் செலவழித்து, தன் குழந்தை அல்லாத உயிர்களுக்கும் உணவு சமைக்கிறது. குழந்தையை வளர்ப்பது என்ற ஒரே செயலுக்குள் அந்த உயிர்களை வளர்ப்பதும் அடங்கியிருக்கிறது. உடலின் எல்லையைத் தோலோடு முடித்துவிடும் எந்தக் கொள்கையும் இந்த இடத்தில் திணறும்.

அமெரிக்கத் திட்டத்தின் 2012ஆம் ஆண்டு முடிவுகளில் ஆழ்ந்து நோக்க வேண்டிய ஒன்று உண்டு. எல்லா மனிதரிடமும் எல்லா உறுப்பிலும் காணப்படும் நுண்ணுயிர் இனம் என்று ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனால் அந்த நுண்ணுயிர்கள் செய்யும் வேதிவினைகள் ஆளுக்கு ஆள் பெரும்பாலும் ஒத்திருந்தன. ஆட்கள் வேறு, வேலை ஒன்று. ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், மருத்துவமும் பயின்றவர், 1694இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொன்னார். ஓர் உயிரி நேற்றும் இன்றும் அதே உயிரியாக இருப்பதற்கு அதே பருப்பொருள் தேவையில்லை. மாறிக்கொண்டே இருக்கும் துகள்களை ஒரே உயிர்ப்பு தொடர்ந்து ஒழுங்குபடுத்தினால் போதும் என்பது அவர் கருத்து. அந்தத் துகள்களின் வரிசையில் நுண்ணுயிர்களையும் சேர்த்தால் லாக்கின் வரையறை குலைவதில்லை, விரிகிறது. வயது வந்தோரின் குடலிலுள்ள நுண்ணுயிர் வகைகளில் ஏறக்குறைய 60 விழுக்காடு ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைத்திருந்ததை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வந்துபோகும் விருந்தினர் என்று அவற்றை ஒதுக்குவதும் பொருந்தாது.

லின் மார்குலிஸ் 1991இல் முன்வைத்த ஹோலோபயான்ட் என்ற கருத்து இங்கிருந்து மேலும் ஓரடி செல்கிறது. ஓம்பும் உயிரியும் அதனுள் வாழ்பவையும் சேர்ந்தே ஓர் அலகு என்கிறது அது. உயிரிகள் ஒருபோதும் தனியர்களாக இருந்ததில்லை என்று கில்பர்ட், சாப், டௌபர் ஆகிய மூவரும் 2012இல் வாதிட்டனர். அது மிகை என்றே கொள்ள வேண்டும். மரபணுக்களைப்போல நுண்ணுயிர்கள் முழுத் தொகுதியாகத் தலைமுறை இறங்குவதில்லை. பல, வழியில் சேர்கின்றன. ஓம்பும் உடல் நலிந்தால் சில அதற்கே பகையாகின்றன. கூட்டு வாழ்க்கை உண்டு என்பதிலிருந்து தனி உயிரே இல்லை என்ற முடிவுக்குத் தாவ முடியாது.

மனத்தைப் பற்றிய ஆய்வுகளில் இந்த எச்சரிக்கை இன்னும் தேவை. அயர்லாந்து அரசின் நிதியுதவி பெறும் கார்க் நகர ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2016இல் மனச்சோர்வுற்றவர்களின் குடல் நுண்ணுயிர்களை எலிகளுக்கு மாற்றியபோது, எலிகளிடம் இன்ப நாட்டம் குறைந்தது. இதைக் கொண்டு மனித விருப்பங்களைக் குடல் ஆள்கிறது என்று சொல்லிவிட முடியாது. விருப்பத்தில் உடலுக்குப் பங்குண்டு என்பதைச் சமய மரபுகள் நோன்பு வகுத்த காலத்திலேயே அறிந்திருந்தன.

ஓர் உடலில் பல உயிர்கள் வாழ்கின்றன என்ற கண்டுபிடிப்பு அந்த மரபுகள் எல்லாவற்றையும் ஒரே அளவில் தொடுவதில்லை. சைவ சித்தாந்தத்துக்கு உடல் மாயையிலிருந்து தோன்றி உயிருக்குத் தரப்பட்ட கருவி. அது எத்தனை பகுதிகளால் ஆனாலும் உயிரின் ஒருமைக்குக் குறைவில்லை. ஐந்து கந்தங்கள் என்னும் கூறுகளின் சேர்க்கையையே ஆள் என்று வழங்கும் பௌத்தத்துக்கும் இது அதிர்ச்சி தராது. உடலின் வடிவமே ஆன்மா என்ற அக்வினாஸின் கிறித்தவ மெய்யியலுக்குத்தான் சிக்கல்: அந்த வடிவம் எந்தச் செல்கள்வரை எட்டுகிறது என்று அது சொல்லியாக வேண்டும். சமணம் தனி இடத்தில் நிற்கிறது. அளவற்ற உயிர்கள் ஓர் உடலில் கூடி, மூச்சும் உணவும் பகிர்ந்து வாழ்கின்றன என்று நிகோதம் பற்றி அது கூறும். அந்த உயிர்கள் ஒவ்வொன்றும் தன்னளவில் மதிப்புடையவை என்பதே அதன் நிலை. நுண்ணுயிரின் மதிப்பு மனிதனுக்கு அதனால் விளையும் பயனோடு முடிகிறதா என்ற கேள்வியைச் சமணம்போல் நேரே கேட்ட மரபு அரிது.

உடைமை பற்றிய கேள்வியும் இதையொட்டி வருகிறது. ஒவ்வொருவரும் தம் உடலுக்கு உரிமையாளர் என்பதும் லாக்கின் கொள்கையே. ஆனால் 9,000க்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கொண்டு 2023இல் இத்தாலியின் ட்ரென்டோ பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வில், தாய்க்கும் சிசுவுக்கும் பொதுவான குடல் நுண்ணுயிர் இனங்களில் ஏறக்குறைய பாதி ஒரே வகையாக இருந்தன. ஒரே வீட்டில் வாழ்பவர்களிடையே அந்த அளவு குடலில் 12, வாயில் 32 விழுக்காடு. கைமாறிக்கொண்டே இருப்பதை யாரும் தனியுடைமை என்று வேலியிட முடியாது. பொதுநிதி இந்த ஆய்வுக்குப் பொருத்தமானது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. அத்தகைய ஆய்வின் பயனுக்கு ஒரு சான்றாக, டாக்காவின் மீர்ப்பூர்ச் சேரிக் குழந்தைகளுக்குக் கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் கலந்த உணவைக் கொடுத்துச் செய்த சோதனை 2021இல் வெளியானது. அமெரிக்க அரசு நிதியும் கேட்ஸ் அறக்கட்டளை நிதியும் அதற்கு உதவின. குடல் நுண்ணுயிர்களை மனத்தில் வைத்துக் கூட்டிய அந்த உணவு, கலோரி குறைந்ததாக இருந்தும், வழக்கமான ஊட்ட உணவைவிடக் குழந்தைகளின் எடையை நன்றாகக் கூட்டியது.

தத்துவம் முடிக்காததைச் சட்டம் முடித்துவைக்க வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தில் பொதுநிதியில் நடந்து 2013இல் வெளியான சோதனையில், திரும்பத் திரும்ப வரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்னும் குடல் பாக்டீரியத் தொற்றால் வாடிய 16 பேருக்கு ஆரோக்கியமானவர்களின் மலக்கரைசல் செலுத்தப்பட்டது. 13 பேர் முதல் முறையிலேயே குணமடைந்தனர். அப்படிக் கொடுக்கப்படுவது என்ன? அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் அதை மருந்தாகக் கொள்கிறது. 2022இல் அத்தகைய முதல் தயாரிப்புக்கு ஒப்புதல் தந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய ஒழுங்குமுறை, இரத்தம், திசு, தாய்ப்பால் ஆகியவற்றோடு சேர்த்து, மனிதரிடமிருந்து பெறும் பொருள்களில் ஒன்றாகக் குடல் நுண்ணுயிர்த் தொகுதியை வைக்கிறது. மருந்து என்றால் தயாரிப்பாளருக்கு உரிமை உண்டு. மனிதப் பொருள் என்றால் அது விலையின்றித் தரும் கொடையாக இருக்க வேண்டும்.