கண்ணுக்குத் தெரியாத பழுது

பிள்ளை கேட்டதை உடனே வாங்கித் தருவது அன்பா? அதைப் பெறும் தகுதியை அவனிடம் வளர்த்த பிறகு தருவது அன்பா? பெற்றோர் ஒவ்வொருவர் முன்னும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மகனுக்கு வயது பதினேழு. தாத்தா ஓட்டிய மாருதி 800 வாசலில் தூசி படிந்து நிற்கிறது. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களின் முதல் காராக விளங்கிய வண்டி அது. அதைப் பழுது பார்த்து மகனுக்குத் தரத் தந்தை முடிவு செய்கிறார். கையிலுள்ள பணமோ குறைவு. எதை முதலில் செய்வது?

மகனின் மனத்தில் இருப்பவை புது வண்ணமும் பாட்டுக் கருவியும். மெக்கானிக் காட்டுபவை வேறு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நாள்பட்டால் அதன் கொதிநிலை தாழும். அடிக்கடி பிரேக் பிடித்துச் சூடேறும் வேளையில் அது கைவிட்டுவிடும். டயர்கள் தேயவில்லை, எனினும் பல ஆண்டுகள் கிடந்ததால் ரப்பர் இறுகி வெடித்திருக்கிறது.

வண்ணம் பூசினால் தெருவே பாராட்டும். பிரேக்கைச் சரிசெய்தால் பாராட்ட யாருமில்லை. ஆனால் அந்தப் பிரேக் யாருக்காக? ஓட்டுபவனுக்காக மட்டுமன்று, சாலையைக் கடக்கும் முதியவருக்காகவும், பள்ளி விட்டு ஓடிவரும் குழந்தைக்காகவும்தான். அவர்கள் நன்றி கூறப்போவதில்லை. தாங்கள் காக்கப்பட்டதையே அறியப்போவதில்லை. முகமறியாத ஒருவருக்காக, அவர் அறியாமலே செய்யப்படும் செலவில்தான் அறம் தொடங்குகிறது.

இங்கே ஒரு நியாயமான தடை எழும். இன்றைய புதிய கார்களில் சட்டம் கட்டாயமாக்கியுள்ள ஏர்பேக், ஏ.பி.எஸ். ஆகியவை அந்தப் பழைய வண்டியில் இல்லை. எவ்வளவு உழைத்தாலும் அந்தக் குறை தீராது. சிக்கனத்தின் பெயரால் பிள்ளையை ஆபத்தில் விடலாமா? கூடாது. குறையை மறைக்காமல் அவனிடம் சொல்ல வேண்டும். வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க ஏறத்தாழ நான்கு மடங்கு தூரம் வேண்டும் என்பதை விளக்க வேண்டும். நெடுஞ்சாலைக்குச் செல்லாமல் ஊருக்குள் மெதுவாக ஓட்டுவதே எல்லை. அந்த எல்லையை ஏற்காதவனிடம் வண்டியை ஒப்படைப்பது அன்பாகாது.

மாதங்கள் கழிகின்றன. மெக்கானிக்கின் அருகிலிருந்து மகன் ஒவ்வொரு வேலையாகக் கற்கிறான். ஒருநாள் எஞ்சின் உயிர் பெறுகிறது. "தெருமுனை வரை மட்டும், அப்பா" என்று கேட்கிறான். பதினெட்டு நிறைய இன்னும் சில வாரங்கள் உள்ளன.

வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019-இன் திருத்தச் சட்டம் வழி செய்கிறது. தண்டனைக்கு அஞ்சி மறுப்பது ஒருவகை. தெருமுனையில் விளையாடும் அடுத்த வீட்டுப் பிள்ளையை எண்ணி மறுப்பது இன்னொரு வகை. முன்னதில் தந்தை தம்மைக் காத்துக்கொள்கிறார். பின்னதில் மகனுக்கு வழிகாட்டுகிறார். பிரேக்கின் பயனைத் தன் கையாலேயே அறிந்த மகனுக்கு அந்த மறுப்பின் பொருள் விளங்காமற்போகாது.

புதிய வண்டியை ஒரே நாளில் வாங்கித் தந்துவிடலாம். பிறர் உயிரைத் தன் உயிர்போல் எண்ணும் பொறுப்பை அப்படி வாங்கித் தர இயலாது. அதற்குத் தந்தையின் பொறுமையும் மகனின் உழைப்பும் வேண்டும். அவ்விரண்டும் சேர்ந்த பிறகு கைமாறும் சாவியே உண்மையான பரிசு.