ஆறுவதற்கு நான்கு வாரம்

திருவருகைக் காலம் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காத்திருப்புக் காலம். நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிற்றுக்கிழமை அது தொடங்கும். நவம்பர் 30 புனித அந்திரேயாவின் திருநாள். அந்திரேயா மீனவர், பேதுருவின் உடன்பிறந்தவர். அந்தப் பேதுருவைத்தான் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்றார்கள். வடசென்னை இராயபுரத்தின் பெயருக்குள் இருப்பவர் அவரே. அவர் பெயரில் படகோட்டிகள் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஆலயம் இன்றும் அங்கே இருக்கிறது.

வடசென்னையில் திருவருகைக் காலம் பருவமழையோடு வருகிறது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறும். காசிமேட்டுப் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். 2023-இல் முதல் ஞாயிறு டிசம்பர் 3. அன்றிரவும் மறுநாளும் மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்தது. மணலியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகின் பக்கப்பலகை, வலை, அலையாத்தியின் வேர், எல்லாவற்றிலும் கறுப்புப் பிசுக்கு. மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் அதை மொண்டு மொண்டு அகற்றினார்கள். முழங்கை வரை எண்ணெய் அப்பியது.

அடுத்த ஞாயிறு, டிசம்பர் 10. அன்றைய திருப்பலியின் முதல் வாசகம் எசாயா நூலின் 40-ஆம் அதிகாரம். பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு ஆறுதல் கூறும் பகுதி அது. மூன்றாண்டுக்கு ஒருமுறை சுழலும் வாசக முறைப்படி வந்ததே தவிர, எண்ணூருக்கென்று எவரும் தேர்ந்தெடுத்ததல்ல. ஆயினும் அந்த வாரம் அதைவிடப் பொருத்தமான வாசகம் வேறு இருந்திருக்க முடியாது.

சூடு ஆறும், புண் ஆறும் என்பது தமிழ் வழக்கு. ஆறுதல் என்ற சொல்லும் அந்த வேரிலிருந்தே வருகிறது. ஆறுவதற்கு நாள் பிடிக்கும். வலியே இல்லை என்று சொல்வது ஆறுதல் ஆகாது. எசாயாவும் அப்படிச் சொல்லவில்லை. பாலைநிலத்தில் பள்ளத்தை மேடாக்கிப் பாதை போடும் வேலையைப் பேசுகிறார். திருவருகைக் காலத்தில் வாரத்துக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கத்திலும் இந்த நிதானம் உண்டு. நான்கையும் ஒரே நாளில் ஏற்றுவதில்லை.

அந்த ஆண்டு நான்காம் ஞாயிறு டிசம்பர் 24-இலேயே வந்தது. திருவருகைக் காலம் 22 நாளில் முடிந்தது. முகத்துவாரத்துச் சேறு ஆற அந்த நாட்கள் போதவில்லை.