வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்

ஆண்டிறுதி விடுமுறை நெருங்குகிறது. சிங்கப்பூரிலிருந்து கடற்பாலம் தாண்டி ஜோகூர்க் காட்டுப் பாதைக்குப் போகலாம் என்று குழுவில் பேச்சு ஓடுகிறது. அதற்குள் வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிவிட வேண்டும், பின்பக்கம் புது ஆர்ம் போட்டுவிட வேண்டும் என்று அவசரப்படும் தம்பி தங்கைகளே, ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் பின் ஆக்சிலைப் பிடித்து நிற்கும் ஆர்ம்களையும் ஜாயின்ட்களையும் பளபளப்புக்காகவோ, நண்பன் போட்டான் என்பதற்காகவோ, மலிவாகக் கிடைத்தது என்பதற்காகவோ வாங்காதீர்கள். அப்படி வாங்குவதுதான் தப்பு. அந்தத் தப்புக்கு விலை கொடுப்பது நீங்கள் மட்டும் இல்லை.

அந்த ஆர்ம் செய்யும் வேலையை முதலில் புரிந்துகொள்ளுங்கள். பின் சக்கரம் தரையை உதைக்கும் விசை முழுவதும் ஆர்ம் வழியாகத்தான் சேசிஸுக்கு வந்து வண்டியை முன்னே தள்ளுகிறது. பிரேக் போட்டால் அதே விசை திசை மாறி அதே ஆர்ம்களை இழுக்கிறது. ஆக்சில் தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளாமலும், இடம் வலமாக நழுவாமலும் காப்பதும் இந்தச் சில இரும்புத் துண்டுகள்தான். ஒன்று விட்டுப்போனால் பின்பக்கம் தானாக ஒரு திசைக்குத் திரும்பும். ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தும் பயன் இருக்காது. விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 25 மீட்டர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் சாமான் வாங்கிவிட்டு, லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து விடுதிக்குத் திரும்பும் தொழிலாளர்கள் பக்கத்துத் தடத்தில்தான் வருகிறார்கள். அவர்களுக்கு இருக்கைப் பட்டையும் இல்லை, உங்கள் வண்டிக்கு அடியில் என்ன மாட்டியிருக்கிறது என்றும் தெரியாது.

ஆகவே முதல் கடமை, உங்கள் வண்டியின் அமைப்பை அறிவது. எல்லா வண்டிக்கும் ஒரே மருந்து கிடையாது. 2018இல் வந்த சுசுகி ஜிம்னியில் பின்பக்கம் பக்கத்துக்கு ஓர் ஆர்ம், குறுக்கே ஒரு ராட், அவ்வளவுதான். ஒவ்வொரு ஆர்மும் ஆக்சிலை இரண்டு ரப்பர் புஷ்களால் பிடித்திருக்கிறது. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி மறு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது, அந்த ரப்பர் நசுங்கி இடம் கொடுப்பதால்தான் ஆக்சில் சாய முடிகிறது. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் கீழே இரண்டு ஆர்ம், மேலே நடுவில் ‘ஏ’ வடிவச் சட்டம், அதன் நுனியில் ஒரு பால் ஜாயின்ட். ஜீப் ரேங்லரிலும் டொயோட்டா லேண்ட் க்ரூசர் 80இலும் மேலே இரண்டு, கீழே இரண்டு, குறுக்கே ஒரு ராட். ரேங்லருக்குப் பொருந்தும் யோசனையை ஜிம்னியில் திணிக்காதீர்கள். ஜிம்னி ஆர்மில் ரப்பரை எடுத்துவிட்டுக் கெட்டியான புஷ் போட்டால், ஆக்சில் சாய வழி இல்லாமல் அந்த முறுக்கு முழுவதும் ஆர்மிலும் பிராக்கெட்டின் வெல்டிலும் போய் இறங்கும். கெட்டியாக இருப்பதெல்லாம் பலமானது என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்து ஜாயின்ட். உலோகத்தோடு உலோகம் உரசும் ராட் எண்டு பார்க்க அழகு, துல்லியமாகவும் பிடிக்கும். ஆனால் மழையும் செம்மண் சேறும் உள்ளே புகுந்தால் சீக்கிரம் தேய்ந்து ‘டக் டக்’ என்று ஆடத் தொடங்கும். சாலையின் ஒவ்வொரு குலுக்கலையும் அப்படியே சேசிஸுக்குக் கடத்தும். பாலியூரித்தேன் புஷ் எண்ணெய்க்கும் தேய்மானத்துக்கும் தாங்கும். ஆனால் ஒரு போக்கில் சுழலுமே தவிர, பக்கவாட்டு முறுக்குக்கு ரப்பரைப் போல வளைந்து கொடுக்காது. கிரீஸ் வைத்து, கழற்றிப் புதுப்பிக்கக்கூடிய உருண்டை ஜாயின்ட்கள் நடுவழி. பராமரிக்கச் சோம்பல் இல்லாதவருக்கு ஏற்றவை. கம்பெனி ரப்பர் புஷ் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உழைக்கும். உங்கள் வண்டி வருடத்தில் எத்தனை நாள் காட்டில் ஓடுகிறது, எத்தனை நாள் தீவு விரைவுச்சாலையில் ஓடுகிறது? அந்தக் கணக்கை உண்மையாகப் போட்டால், பெரும்பாலோருக்கு நல்ல ரப்பர் புஷ் போதும் என்ற விடைதான் வரும். மணப்பெண்ணுக்கு நகை பூட்டுவது போல வண்டிக்கு அடியில் பூட்டிப் பார்க்காதீர்கள்.

தூக்கினால் கூடவே வரும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வண்டி உயர்ந்ததும் குறுக்கு ராட் சாய்ந்து ஆக்சிலை ஒரு பக்கம் இழுக்கும். ஆக்சில் ஹவுசிங்கின் மூக்கும் கோணம் மாறும். கியரிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஒற்றைக் கிராஸ் என்றால் இரு பக்கக் கோணமும் சமமாக இருக்க வேண்டும். கியர் பக்கம் இரட்டைக் கிராஸ் என்றால் ஹவுசிங்கின் மூக்கு ஷாஃப்ட்டை நேராகப் பார்க்க வேண்டும். இதைச் சரிசெய்யத்தான் நீளம் கூட்டிக் குறைக்கும் ஆர்ம்கள் இருக்கின்றன. அதிலும் ஒழுங்கு வேண்டும். மரை தன் விட்டத்தின் அளவுக்காவது உள்ளே போயிருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு போனால் இன்னும் நல்லது. பூட்டு நட்டை இறுக்கியபின் நட்டுக்கும் ஆர்முக்கும் குறுக்கே ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு போடுங்கள். கோடு விலகினால் நட்டு நகர்ந்துவிட்டது என்று குனிந்த கணத்தில் தெரிந்துவிடும்.

மாட்டும்போது நடக்கும் ஒரு சோம்பேறித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டியைத் தூக்கி வைத்து, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, நாளெல்லாம் முறுக்கிலேயே கிடக்கிறது, சில மாதத்தில் உள்குழாயை ஒட்டி வட்டமாகக் கிழிகிறது. பாரம் முழுவதும் சக்கரத்தில் இறங்கி, வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு, அதுவும் டார்க் ரெஞ்சில். இதற்குக் கூடுதலாக அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியை மிச்சம் பிடிக்கச் சொல்லி மெக்கானிக்கை நச்சரிக்காதீர்கள். காக்கி புக்கிட்டிலும் சின் மிங்கிலும் பட்டறைகளில் நிற்கும் பலர் ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். முதலாளிக்கும் கஸ்டமருக்கும் நடுவே அவர்கள் ‘முடியாது’ என்று சொல்வது எளிதல்ல. சொல்ல வேண்டிய நிலைக்கு அவர்களைக் கொண்டுபோகாமல் இருப்பது வண்டிக்காரர் பொறுப்பு. பழைய ஆர்மை வெட்டி ஒட்டி நீளம் கூட்டித் தரச் சொல்லி யாராவது கேட்டால், பட்டறைக்காரர்களே, தயவுசெய்து அனுப்பிவிடுங்கள். அந்த வெல்டில் உங்கள் பெயர் எழுதியிருக்காது. ஆனாலும் அது உங்கள் வேலை.

இன்னொரு பழக்கம் இருக்கிறது, அதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. சோதனைத் தேதி வந்ததும் கம்பெனி ஆர்மை மாட்டி, விகாம் சோதனை நிலையம் போய்த் தேறி, மறுநாளே பழையபடி மாற்றிக்கொள்வது. சோதனைக்கு ஒரு வண்டி, சாலைக்கு ஒரு வண்டி! மூன்று வயது தாண்டிய கார் பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் சோதனைக்குப் போகிறது. அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. மீதி நாளெல்லாம் அந்த வண்டியைப் பார்க்க நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். எந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டாம், எதற்கு வேண்டும், எது கூடவே கூடாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் வேலை எதில் சேரும் என்று பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லுங்கள். மறைத்தது தெரிந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். அப்போது நடுத்தெருவில் நிற்பது உங்களால் அடிபட்டவரின் குடும்பமாகவும் இருக்கலாம். வண்டியை விற்கும் நாளில் எதை மாற்றினீர்கள், எப்போது மாற்றினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) விலைக்குப் பயந்து பழைய வண்டியைத் தேடி வருகிறவர் அதில் பிள்ளைகளைத்தான் ஏற்றிப் போகப் போகிறார்.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். மலேசியாவின் ரெய்ன்ஃபாரஸ்ட் சேலஞ்ச் 1997 முதல் அந்த மழையையே சவாலாக வைத்து நடக்கும் போட்டி. அதில் இறங்குகிறவர்கள் உதிரிகளோடும் மெக்கானிக்கோடும் போகிறார்கள். நாம் டிபன் பெட்டியோடு போகிறோம், அதே வண்டியில் அன்றிரவே வீடு திரும்ப வேண்டும். சேற்றிலிருந்து நெடுஞ்சாலை ஏறுவதற்கு முன் எல்லா வண்டியையும் நிறுத்துங்கள். மட்டமான இடத்தில், ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைக்கட்டும். இன்னொருவர் பாதுகாப்பான தூரத்தில் பக்கவாட்டில் குனிந்து, டார்ச் அடித்து ஜாயின்ட்களைப் பார்க்கட்டும். ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஆட்டம் தெரிந்தாலோ, வெல்டின் ஓரத்தில் மயிரிழைக் கீறல் தெரிந்தாலோ, அந்த வண்டி அதற்குமேல் ஓடக் கூடாது. இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

குழுவுக்குத் தலைமை தாங்குகிறவர்களே, இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள். புறப்படும் காலையில் உட்லண்ட்ஸ் எல்லைக்குப் போகும் முன்பே பாருங்கள். ஆட்டம் உள்ள வண்டியை, அது நெருங்கிய நண்பனுடையதே ஆனாலும், வரிசையிலிருந்து விலக்குங்கள். அவன் ஒரு மாதம் பேசாமல் இருக்கலாம், இருக்கட்டும். பயணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரமே வண்டிக்கு அடியில் குனியுங்கள். சந்தேகமான எதையும் இன்றே கழற்றி எறியுங்கள்.