மருந்தின் ஆயுளும் வைத்தியரின் அறமும்

வன்னியில் அரிட்டம், ஆசவம் என்னும் நொதித்த மருந்துகளைத் தரும் வைத்தியர்மீது நோயாளி வைக்கும் நம்பிக்கை பக்திக்கு நெருக்கமானது. அத்தகைய நம்பிக்கை உள்ள இடத்தில் மருந்தைச் சோதிப்பது ஐயத்தின் செயலா? அது அறத்தின் செயல் என்றே நான் கருதுகிறேன். சித்த மருத்துவ மரபே இதற்குச் சான்று. அக மருந்துகளை 32 வகையாகப் பகுத்த அம்மரபு, குடிநீருக்கு 3 மணி நேரம், சூரணத்துக்கு 3 மாதம், நெய்க்கு 6 மாதம் என்று ஆயுளையும் வரையறுத்தது. உடலைப் போலவே மருந்தும் அழியக்கூடியது என்பதை நம் முன்னோர் மறைக்கவில்லை.

கைராசியும் இறையருளும் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதா. அரிட்டத்தைக் கெடாமல் காப்பது, அது நொதிக்கும்போது தானாக உண்டாகும் மதுசாரம். அது குறைந்தாலோ மூடி தளர்ந்து காற்றுப் புகுந்தாலோ மருந்து புளித்துக் காடியாகிவிடும். வன்னியிலுள்ள கிளிநொச்சியின் கோடை வெக்கையும் மாரிகால ஈரமும் யாருடைய பக்திக்காகவும் விலகி நிற்பதில்லை. ஆய்வுகூட வசதி இல்லாத கிராமத்தில் மருந்தைச் சோதிப்பது எப்படிச் சாத்தியம் என்பது நியாயமான கேள்வி. மதுசார அளவையும் நுண்ணுயிர்களையும் அறிய ஆய்வுகூடம் வேண்டும்தான். ஆனால் செய்த திகதியைப் போத்தலில் எழுதுவதற்கும், நிறமோ மணமோ மாறியதைக் கொட்டிவிடுவதற்கும் மனச்சாட்சியே போதும். நோயாளி எதுவும் கேளாமல் குடிக்கிறார். ஆகவே கேட்க வேண்டியதை வைத்தியர் தம்மிடமே கேட்டாக வேண்டும்.